கூடாரப் பயணங்களுக்கு ஒரு குடும்பக் கொப்பி: தொடங்குவது எப்படி?

கிழக்கிலங்கையில் உன்னிச்சைக் குளத்துப் பக்கமோ உகந்தைக் கடற்கரையோ, பிள்ளைகளோடு கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பத்துக்கு ஒரு பயணக் கொப்பி மிகவும் உதவும். அடுத்த முறை எதைக் கொண்டுபோவது, எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம். பிள்ளைகள் அந்த வயதில் பேசிய பேச்சும் அதில்தான் மிஞ்சும்.

1. கொப்பியும் பேனையும்

நூலால் தைத்த, தடித்த மட்டை போட்ட 120 பக்கச் சீ.ஆர். கொப்பி போதும். கம்பிச்சுருள் கொப்பி வேண்டாம். சுருளுக்குள் மணல் ஏறினால் தாள் புரளாது, கிழியும். எழுதப் பென்சிலோ சாதாரணக் குமிழ்முனைப் பேனையோ எடுங்கள். சில ஜெல் பேனைகளின் மை ஈரம் பட்டால் பரவிவிடும். பக்கங்களுக்கு இலக்கமிட்டு, முதல் இரண்டு பக்கங்களை இடப்பெயர் அட்டவணைக்கு விடுங்கள். கொப்பி எப்போதும் சிப் வைத்த பொலித்தீன் பைக்குள் இருக்கட்டும். கடற்கரை உப்பு தாளில் படிந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

2. புறப்படும் முன்

இடதுபக்கத்தில் சாமான் பட்டியலை அளவோடு எழுதுங்கள். அதற்கருகே ‘மிச்சம்’ என்று ஒரு வெறும் நிரல் விடுங்கள். உதாரணமாக, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர் என்றால், ஐந்து பேருக்கு இரண்டு நாளைக்கு 40 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் இரண்டு. திரும்பும்போது எவ்வளவு மிஞ்சியது என்று அந்த நிரலில் குறித்தால், அடுத்த பயணத்தின் கணக்கு அங்கேயே கிடைக்கும். குமண தேசிய பூங்காவுக்குள் தங்குவதென்றால் முன்பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். அந்த விவரத்தையும் இதே பக்கத்தில் எழுதுங்கள்.

3. கூடாரம் அடித்ததும்

தங்கும் இடத்தைப் பற்றி உடனே எழுதுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் ‘நல்ல இடம், சந்தோஷமாக இருந்தது’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நேரம், காற்று, நிழல், தரை, மிருகத் தடயம் ஆகிய ஐந்தும் கட்டாயம். இப்படி:

“சனி பின்னேரம் 4.30. பாலை மரத்துக்கு மேற்கே 10 அடி. கச்சான் காற்று பலம், வாசலைக் கிழக்கே திருப்பினோம். மணல் இளக்கம், ஆப்பு நிற்கவில்லை, கல் வைத்தோம். பாதையோரம் பழைய யானை இலத்தி. வாழைப்பழம், உப்பு எல்லாம் வாகனத்துக்குள்.”

யானை உலாவும் இடத்தில் அந்தக் கடைசி வரி முக்கியம். பழமும் உப்பும் யானையைக் கூடாரத்துக்கே இழுத்துவரும். காலை வெயில் எத்தனை மணிக்குக் கூடாரத்தில் விழுந்தது என்பதையும் சேருங்கள். நமது கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால், கிழக்கே மறைப்பில்லாத கூடாரம் விடிந்த கையோடு சுடத் தொடங்கும்.

4. இரவில் ஆளுக்கொரு வரி

சாப்பிட்ட பிறகு, டோர்ச் வெளிச்சத்தில் பத்து நிமிடம் போதும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்வதைப் பெரியவர் ஒருவர் அப்படியே எழுத வேண்டும். “நண்டு என்ட செருப்புக்குள்ள ஒளிச்சிட்டு” என்று சொன்னால் அதுதான் வரி. “எனது செருப்புக்குள்” என்று திருத்தினால் பிள்ளையின் குரல் போய்விடும். எழுதவே மாட்டேன் என்பவரிடம் படம் கேளுங்கள். முதல் நாளில் மூன்று பக்கம் எழுதியவர்கள் இரண்டாம் நாள் கொப்பியைத் தொடாமல் விடுவது வழக்கம். ஒரு வரி என்றால் ஒரு வரி.

5. வீடு வந்த பிறகு

மூன்று நாளுக்குள் ‘மிச்சம்’ நிரலை நிரப்புங்கள். கடைப் பற்றுச்சீட்டுகளை ஒட்டி மட்டும் வைக்காமல் தொகையைக் கையாலும் எழுதுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்து நாளடைவில் மங்கும். படங்களில் ஐந்தாறை அச்செடுத்து, நாலு மூலையில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். முழுதும் தடவினால் தாள் நெளியும்; செலோடேப் பழுத்து உரியும். இலை ஒட்டுவதானால் பத்திரிகைத் தாளுக்குள் வைத்துப் பாரமேற்றி, பத்து நாளாவது காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குமண, கல்லோயா போன்ற தேசிய பூங்காக்களிலிருந்து இலையோ இறகோ எடுக்கக்கூடாது, வரைந்துகொள்ளலாம்.

கொப்பி நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், மட்டை வளையும். பத்துப் பக்கத்துக்கு ஒரு பத்திரிகைத் தாள் செருகி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே நிறுத்துங்கள். ஈரமான தாளைச் சில மணிக்கொருதரம் மாற்றி, காய்ந்தபின் பாரம் வையுங்கள். மாரி காலத்தில் அலுமாரியின் அடித்தட்டில் வைக்காமல் மேல்தட்டில் வைத்து, வெயில் எறிக்கும் நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விரித்துவிடுங்கள்.