இறங்கும் காலைப் பழக்கியது

ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் திருத்தணியின் 365 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிய எனக்கு, மூச்சு வாங்கியதைவிட, இறங்கும்போது முழங்கால் கிடுகிடுவென நடுங்கியதே பெரும் அதிர்ச்சியாக இருந்தது. இறங்குகையில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் அதற்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை. நான் வசிக்கும் சென்னைத் தண்டையார்பேட்டையிலோ மேம்பாலத்தை விட்டால் மேடு ஏது? ஆகவே எங்கள் குடியிருப்பில் நான்காம் மாடிக்கு லிஃப்டில் ஏறி, நடந்து மட்டும் இறங்கினேன் (எதிர்வீட்டு அம்மா விநோதமாகப் பார்த்தார்). வாரம் மூன்று நாள், முதலில் இரண்டு முறை, பிறகு ஐந்து முறை, ஒவ்வொரு படியிலும் பாதத்தை ஓசையின்றி ஊன்றி இறங்கினேன். ஆறாம் வாரம் பரங்கிமலை. அதன்பின் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறித் திருத்தணிக்கே மீண்டும் சென்றபோது, கடைசிப் படிவரை கால் நடுங்கவில்லை. மறுநாள் கெண்டைக்கால் மட்டும் சற்று இறுகியிருந்தது.