மோன்டாக் சார்ட்டர் படகில் ஸ்ட்ரைப்ட் பாஸும் புளூஃபிஷும்: முதல்முறை செல்வோருக்கான செய்முறை

நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கிழக்கே முடியும் மோன்டாக்கில், கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், கடலடி மேடுகள் மீது ஓதநீர் மோதித் திரைத்து எழுகிறது. சிறுமீன்கள் அங்கே நிலைகுலைவதால், அவற்றை உண்ணும், உடலில் கோடுகள் கொண்ட ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் அங்கேயே காத்திருக்கும்.

சார்ட்டர் படகை, அதாவது கேப்டனுடன் வாடகைக்கு எடுக்கும் மீன்பிடிப் படகை, பதிவு செய்யும்போது விலையை விட நீரோட்ட நேரத்தையே முதலில் கேளுங்கள். நீர் நின்றுவிட்டால் மீனும் இரை எடுப்பது அரிது. ஆறு பயணிகள் வரை ஏற்றும் சிறு படகையும், உயிருள்ள விலாங்கை இரையாக்கிப் படகை நீரோட்டத்தில் மிதக்கவிடும் முறையையுமே நான் விரும்புகிறேன். ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துச் செல்லும் முறையில் மீன் கிடைக்கும். ஆனால், கடிப்பதைக் கையால் உணரும் பழக்கம் வராது.

ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ரீலை இரண்டு சுற்று சுற்றி இரையை உயர்த்துங்கள். ஆழம் மாறிக்கொண்டே இருப்பதால், அவ்வப்போது தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த படியில்தான் நான் முதல் பயணத்தில் நான்கு மீன்களை இழந்தேன். கடி உணர்ந்தவுடன், ஏரித் தூண்டிலில் பழகிய கை, கோலை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டது. ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு இயற்கை இரை இட்டால் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2021 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதன் கூர்முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருப்பதால், வெடுக்கென்று இழுத்தால் எதிலும் குத்தாமல் வாயைவிட்டு வழுக்கி வெளியே வந்துவிடும். மாறாக, மீன் இரையைக் கவ்வித் திரும்பிச் செல்லும்போது தூண்டில் நரம்பு மெல்ல இறுகினால், முள் வாயோரத்துக்கு நகர்ந்து தானே சுழன்று பதியும். ஆகவே, மீன் தட்டுவதை உணர்ந்ததும் கோல் நுனியைத் தாழ்த்தி, பாரம் கூடும்வரை பொறுத்து, பின்னர் சீராகச் சுற்றுங்கள். கோலை உயர்த்துவது அதன் பிறகே.

இந்த முள் மீனுக்கும் நல்லது. 2023 முதல் இக்கடலில் ஒருவர் நாளொன்றுக்கு 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள ஒரே ஒரு ஸ்ட்ரைப்ட் பாஸைத்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை உயிருடன் விட வேண்டும். கைகளை நனைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள், தாடையில் தொங்கவிடாதீர்கள்.

தலை மட்டும் எஞ்சிய விலாங்கு திரும்பி வந்தால், கூரிய பற்களால் இரையைத் துண்டிக்கும் புளூஃபிஷ் மீன் கீழே இருக்கிறது என்று பொருள். உடனே ஒற்றை முள் கொண்ட உலோகத் தூண்டில் இரைக்கு மாறுங்கள். மூன்று முள் கொக்கியைத் துள்ளும் மீனின் வாயிலிருந்து எடுப்பது ஆபத்தானது. படகின் தளத்தில் கிடக்கும்போதும் அது விரலைக் கடிக்கும் என்பதால் குறடு கட்டாயம். வைத்துக்கொள்ளும் எண்ணிக்கை விதிப்படி மாறும், கேப்டனிடம் கேட்டறியுங்கள். பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தம் வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் இடுங்கள். எண்ணெய்ச் செறிவுள்ள இம்மீன் விரைவில் கெடும். சமைக்கும் முன் கருஞ்சிவப்புச் சதைப்பட்டையை நீக்கிவிட்டால் கடும் வாடை குறையும்.

பின்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றியும் மீன் நழுவியதாக இருவர் தெரிவித்தனர். விசாரித்தபோது, விலாங்கின் தலைச்சதைக்குள் முள்முனை புதைந்திருந்தது தெரிந்தது. இரு தாடைகளையும் கோத்து, கூர்முனையும் வளைவின் இடைவெளியும் வெளியே தெரியுமாறு மாட்டுங்கள்.