முன்வரிசையில் நிற்கும் பார்ட்: பாலடின் கலந்து ஒரு கேரக்டர் கட்டுவது எப்படி

பார்ட், அதாவது பாட்டால் மந்திரம் போடும் பாணன், என்றதும் பின்வரிசையில் நின்று லூட் வாசிக்கும் ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் 1978இல் வந்த அட்வான்ஸ்டு விதிகளில் நேரடியாக பார்ட் ஆகவே முடியாது. முதலில் ஃபைட்டராகச் சில லெவல், பிறகு தீஃபாகச் சில லெவல், அதற்கப்புறம்தான் ட்ரூயிடுகளிடம் பாடம் கேட்டு பார்ட் ஆக வேண்டும். பாணன் கையில் வாள் இருப்பது புதுசு இல்லை.

நான் இங்கே சொல்வது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கு. 2024 திருத்தத்தில் டிவைன் ஸ்மைட் (பாலடின் என்ற புனித வீரர் தன் வெட்டோடு சேர்க்கும் கூடுதல் அடி) போனஸ் ஆக்ஷனில், அதாவது டர்னில் கிடைக்கும் ஒரே துணைச் செயலில், போடும் ஸ்பெல்லாகிவிட்டது (மந்திரம்), அதனால் என் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. 2014 விதிகளில் மல்டிகிளாஸ், அதாவது ஒரே கேரக்டரில் பார்ட், பாலடின் போன்ற கிளாஸ்களை (தொழில்வகைகளை) கலப்பது என்பதே டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விரும்பினால் மட்டும் சேர்க்கும் விதி, ஆகவே கேரக்டர் ஷீட்டை எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படி ஒரு கேரக்டர் கட்டும்போது எந்த கிளாஸ்களைச் சேர்க்கிறோம் என்பதை எல்லாரும் யோசிக்கிறார்கள், எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதை யோசிப்பதில்லை. என் முதல் முயற்சியில் நானும் அதைத்தான் செய்தேன். ஸ்மைட் ஆசையில் பாலடின் இரண்டு லெவலையும் முதலிலேயே எடுத்துவிட்டேன். ஐந்தாவது லெவலில் குழுவின் ஃபைட்டர் ஒரு டர்னில் இரண்டு முறை வெட்டினார், என்னிடம் இருந்தது ஒரே வெட்டு, அது தவறினால் அந்த டர்னே போச்சு. போர் வகை பார்டுக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு டர்னில் இரண்டாவது வெட்டு) வருவது பார்ட் ஆறில், அதாவது பார்ட் கிளாஸின் ஆறாவது லெவலில், அப்படியென்றால் எனக்கு மொத்த லெவல் எட்டில். அந்த மூன்று லெவலைத் தாண்ட மாதக்கணக்கில் விளையாட வேண்டியிருந்தது. இருபதாவது லெவலில் ஷீட் எப்படி இருக்கும் என்று பார்த்துக் கட்டாதீர்கள், அடுத்த ஆறு மாதம் நீங்கள் உட்கார்ந்து ஆடப்போகும் லெவல்களைப் பார்த்துக் கட்டுங்கள்.

அதனால் இப்போது நான் சொல்லும் வரிசை இது: பாலடின் ஒன்றில் தொடங்குங்கள், உடனே பார்டுக்கு மாறி ஆறு லெவல் ஏறுங்கள், எட்டாவது லெவலில் திரும்பி வந்து பாலடின் இரண்டை எடுங்கள், அதற்குமேல் எல்லாம் பார்ட். முதல் லெவல் பாலடினாக இருக்க ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஹெவி ஆர்மர் பயிற்சி முதல் கிளாஸாக பாலடினை எடுத்தால்தான் கிடைக்கும், பின்னால் மல்டிகிளாஸாகச் சேர்த்தால் மீடியம் ஆர்மரோடு நின்றுவிடும். எக்ஸ்ட்ரா அட்டாக் ஏழாவது லெவலில் வந்துவிடும், கலப்பில்லாத போர் வகை பார்டைவிட ஒரே ஒரு லெவல்தான் தாமதம்.

ஸ்கோர்களுக்கு, அதாவது கேரக்டரின் ஆறு திறன்களுக்கான எண்களுக்கு, வருவோம். பாலடினுக்கு ஸ்ட்ரெங்த் 13, கரிஷ்மா 13 இரண்டும் கட்டாயம், பார்டுக்கு கரிஷ்மா 13. ஸ்கோர்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் பாயிண்ட் பை முறையின் 27 புள்ளிகளில் ஸ்ட்ரெங்த் 15, டெக்ஸ்டரிட்டி 10, கான்ஸ்டிட்யூஷன் 13, இன்டெலிஜென்ஸ் 8, விஸ்டம் 10, கரிஷ்மா 15 வாங்கலாம். ஹாஃப்-எல்ஃப் இனத்தை எடுத்தால் கரிஷ்மாவில் 2, ஸ்ட்ரெங்திலும் கான்ஸ்டிட்யூஷனிலும் ஒவ்வொன்று கூடி ஸ்ட்ரெங்த் 16, கான்ஸ்டிட்யூஷன் 14, கரிஷ்மா 17 ஆகிவிடும். செயின் மெயிலுக்கு டெக்ஸ்டரிட்டி தேவையே இல்லை. ஆர்மர் கிளாஸ் (எதிரியின் வெட்டு பட எட்ட வேண்டிய எண்) 16, ஷீல்டோடு 18. ஸ்டெல்த் மட்டும் மோசமாக இருக்கும், அதைக் குழுவில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பார்ட் மூன்றில் காலேஜ், அதாவது பார்டின் உட்பிரிவு, தேர்வு. போர் என்றாலே எல்லாரும் வேலர் பக்கம் போவார்கள், அது நல்ல காலேஜ்தான், ஆனால் அது தரும் மீடியம் ஆர்மர், ஷீல்டு, மார்ஷியல் ஆயுதங்கள் எல்லாமே பாலடின் ஒன்றிலேயே உங்களிடம் வந்தாயிற்று. 2017இல் வந்த காலேஜ் ஆஃப் ஸோர்ட்ஸ்தான் இந்தக் கேரக்டருக்குச் சரி. ஒரு ஃபைட்டிங் ஸ்டைல் கிடைக்கும். டூயலிங்கை எடுத்து ஒவ்வொரு வெட்டிலும் 2 டேமேஜ் கூட்டிக்கொள்ளுங்கள், பாலடின் இரண்டில் வரும் இன்னொரு ஸ்டைலில் டிஃபென்ஸ் எடுத்தால் ஆர்மர் கிளாஸ் 19. அதைவிடப் பெரிய லாபம், கையிலிருக்கும் வாளையே பார்ட் ஸ்பெல்களுக்கு ஃபோகஸாக (ஸ்பெல் போடக் கையில் பிடிக்கும் கருவியாக) பயன்படுத்தலாம். ஒரு கையில் வாள், மறு கையில் ஷீல்டு, இசைக்கருவியை எந்தக் கையில் பிடிப்பது என்ற தலைவலியே இல்லை.

அந்தத் தலைவலி முதல் சில லெவல்களில் இருக்கத்தான் செய்யும், அதனால் வாயால் மட்டும் சொல்லிப் போடும் ஸ்பெல்களாகத் தேடி எடுங்கள். ஹீலிங் வேர்ட், ஃபேரி ஃபயர், டிசொனன்ட் விஸ்பர்ஸ், விஷியஸ் மாக்கரி, நான்குக்கும் கை தேவையில்லை. டிசொனன்ட் விஸ்பர்ஸ் முன்வரிசை ஆளுக்கு ரொம்பவே பொருத்தம். சேவில் (ஸ்பெல்லைத் தாங்க உருட்டும் பகடையில்) தவறிய எதிரி தன் ரியாக்ஷனைச் (எதிர்வினைச் செயலை) செலவழித்து உங்களைவிட்டு ஓட வேண்டும், ஓடும்போது பக்கத்தில் நிற்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகி ஓடுபவர்மேல் ஒரு இலவச வெட்டு) கிடைக்கும், நீங்கள் அவனை ஒட்டி நின்றால் உங்களுக்கும் சேர்த்து. ரோக் இருக்கும் குழுவில் இதைப் போட்டுப் பாருங்கள், அவரின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக் இன்னொரு முறை விழும்.

போனஸ் ஆக்ஷன்தான் இந்தக் கேரக்டரில் எப்போதும் பற்றாக்குறை. இன்ஸ்பிரேஷன் (நண்பர் தன் உருட்டலோடு கூட்டிக்கொள்ள பார்ட் தரும் பகடை) கொடுப்பதும் போனஸ் ஆக்ஷன், ஹீலிங் வேர்டும் போனஸ் ஆக்ஷன். இன்ஸ்பிரேஷன் பகடை கொடுத்த பிறகு 10 நிமிடம் நிற்கும், அதனால் கதவை உதைப்பதற்கு முன்பே இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். ஹீலிங் வேர்ட் சொன்ன டர்னில் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்) தவிர வேறு ஸ்பெல் போட முடியாது, ஆனால் வாள் வீசலாம், விழுந்தவரை எழுப்பிவிட்டு அதே மூச்சில் வெட்டுவதைவிட இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த டர்ன் வேறில்லை. ஸோர்ட்ஸின் ஃபிளரிஷுக்கு (வெட்டோடு சேர்க்கும் வாள் வித்தை) தனி ஆக்ஷன் எதுவும் செலவாகாது, ஆனால் அதே இன்ஸ்பிரேஷன் பகடையைத்தான் தின்னும். பார்ட் ஐந்து வரும்வரை கரிஷ்மா 17இல் நீண்ட ஓய்வுக்கு மூன்றே பகடைதான். அதுவரை நண்பர்களுக்கே கொடுங்கள். ஐந்துக்கு மேல் சின்ன ஓய்விலேயே திரும்பிவிடும், அப்புறம் தாராளமாக ஃபிளரிஷ் செய்யலாம்.

மொத்த லெவல் ஐந்தில், அதாவது பார்ட் நான்கில், முதல் ஃபீட் (ஸ்கோர் ஏற்றுவதற்குப் பதில் எடுக்கும் சிறப்புத் திறன்). கரிஷ்மாவை ஏற்றக் கை பரபரக்கும், வேண்டாம், வார் காஸ்டர் எடுங்கள். பாலடினுக்கும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் பயிற்சி கிடையாது, பார்டுக்கும் கிடையாது. அடி விழும்போது ஸ்பெல் கலையாமல் பிடித்து வைக்க உருட்டும் கான்சன்ட்ரேஷன் சேவை, டிசி (எட்ட வேண்டிய எண்) 10 என்றால், வெறும் 2 போனஸோடு 100க்கு 65 முறைதான் தாண்டுவீர்கள், வார் காஸ்டரின் அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டி பெரியதை எடுப்பது) அது கிட்டத்தட்ட 88. முன்வரிசையில் ஒவ்வொரு ரவுண்டும் அடி விழும், இந்த வித்தியாசம் சின்னது இல்லை. இதுதான் முக்கியக் கவலை என்றால் பாலடினுக்குப் பதில் ஃபைட்டர் ஒன்றில் தொடங்குங்கள், அந்த சேவ் பயிற்சி, ஹெவி ஆர்மர், ஃபைட்டிங் ஸ்டைல் எல்லாம் ஒரே லெவலில் வரும், ஸ்மைட் மட்டும் இல்லை. ஹெக்ஸ்பிளேடு வார்லாக் ஒரு லெவல் எடுத்து கரிஷ்மாவாலேயே வெட்டுவதும் பலமான வழிதான், ஆனால் அதோடு ஒரு இருண்ட சக்தியுடன் ஒப்பந்தமும் வரும், உங்கள் கதைக்கு ஒத்துவந்தால் மட்டும் செய்யுங்கள்.

எட்டாவது லெவலில் ஸ்மைட் வந்ததும் ஸ்லாட்டுகளை (ஸ்பெல்லுக்கும் ஸ்மைட்டுக்கும் செலவாகும் எண்ணிக்கை) வாரி இறைக்காதீர்கள். வெட்டு பட்ட பிறகுதான் ஸ்மைட் சேர்ப்பதா என்று முடிவுசெய்கிறோம், அதனால் சேதப் பகடைகள் இரட்டிக்கும் கிரிட்டிகலுக்குக் காத்திருக்கலாம். இரண்டாம் லெவல் ஸ்லாட் தரும் 3டி8 (மூன்று எட்டுமுகப் பகடை) அப்போது 6டி8 ஆகும். கிரிட்டிகலை நாமே வரவழைக்கவும் வழி இருக்கிறது: ஹோல்ட் பெர்சன். செயலிழந்து நிற்கும் மனித உருவ எதிரியை ஐந்தடிக்குள் நின்று வெட்டினால், வெட்டு பட்டாலே கிரிட்டிகல். நீங்கள் போட்ட டர்னுக்கும் அவனுடைய டர்னுக்கும் நடுவில் வரும் நண்பர்கள்தான் முதலில் புகுந்து விளையாடுவார்கள், அவன் டர்ன் முடிவில் சேவ் மறுபடி தவறினால் அடுத்து உங்கள் இரண்டு வெட்டு.

கதைக்கும் ஒரு வார்த்தை. பாலடின் சபதம் எடுப்பது மூன்றாவது லெவலில். இரண்டோடு நிறுத்தும் உங்கள் கேரக்டர் அந்தச் சபதத்தை எடுக்கவே போவதில்லை. ஏன்? சபத நாளுக்கு முந்தைய இரவு கோட்டையைவிட்டு வெளியேறியவளா, சபதத்தின் சொற்களையே பாட்டாக்கி ஊர் ஊராகப் பாடுகிறவளா? இதற்குப் பதில் எழுதிவிட்டு, எட்டாவது லெவலில் ஏன் வாளின் பக்கம் திரும்பி வந்தாள் என்பதையும் டிஎம்மிடம் சொல்லிவையுங்கள், அதைச் சுற்றி அவர் ஒரு முழு செஷனே அமைக்கலாம்.

பன்னிரண்டாவது லெவலில் மேஜிக்கல் சீக்ரெட்ஸ் வரும், எந்த கிளாஸிலிருந்தும் இரண்டு ஸ்பெல். அதில் ஒன்று கண்டிப்பாக ஸ்பிரிட் கார்டியன்ஸ். உங்களைச் சுற்றி 15 அடிக்குள் வரும் எதிரிகளுக்கு 3டி8 டேமேஜ், சேவ் செய்தால் பாதி. அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவில் போய் நில்லுங்கள்.