ஏழரை மணிச் சனியை ஓட்டும் வழி

எங்கள் வீட்டுக்குச் சனி பிடிப்பது இரவு ஏழரை மணிக்கு. நான் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. கடையை விட்டு இறங்கி, மதுரை மாசி வீதி நெரிசலில் வண்டியை உருட்டி, ஜெய்ஹிந்த்புரம் வந்து சேர அந்நேரம் ஆகிவிடும். மனைவி செவிலியர், வாரத்தில் மூன்று நாளாவது அப்போது பணியில் இருப்பாள். செருப்பைக் கழற்றுவதற்குள் "அப்பா, ராத்திரிக்கு என்ன?" என்று மகன் கேட்பான். அடுப்படியில் ஒன்றும் இருக்காது. கைபேசியை எடுப்பேன். நாற்பது நிமிடத்தில் நான்கு தோசையும் ஆறிய சாம்பாரும் 360 ரூபாய்க்கு வாசலில் வந்து நிற்கும்.

ஊரார் கணக்கை வரி விடாமல் எழுதுகிறவன் சொந்த வீட்டுக் கணக்கைப் பார்த்தது சென்ற மார்ச்சில்தான். ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, சமைத்த நிலையிலோ பாதி சமைத்த நிலையிலோ காசு கொடுத்து வாங்கிய அத்தனையையும் ஒரு மாதம் எழுதினேன். கைபேசியில் 11 தடவை வரவழைத்த சாப்பாடு 3,960. இட்லி மாவு 12 பாக்கெட் 600. சப்பாத்தி, பரோட்டா என்று கல்லில் போட்டுத் திருப்பினால் போதும் என்கிற உறைபனிப் பாக்கெட்டுகள் 640. வடை, பப்ஸ், சமோசா 1,150. மொத்தம் 6,350. மாத மளிகை, காய்கறி, பால் எல்லாம் இதற்கு வெளியே.

நீங்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். முதல் வாரமே திருந்திவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். எழுதும்போது கிழமையையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டில் 11 வரவழைப்புகளில் ஒன்பது, இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் வந்தவை. ஆசைப்பட்டு வாங்கியது இரண்டே முறை. மற்றதெல்லாம் வீட்டில் ஒன்றும் தயாராக இல்லாததற்கு நான் கட்டிய அபராதம்.

அதனால் வாரத்துக்கு 21 வேளைப் பட்டியல் போடும் வேலையை நான் தொடவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அணை கட்டினேன். எந்த நாளும் வீட்டில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: அரைத்த மாவு, குழம்புப் பொடி, ஒரு ஜாடித் தொக்கு.

மாவிலிருந்து தொடங்குகிறேன். 2011இல் அரசு தரத் தொடங்கிய விலையில்லா கிரைண்டர் அம்மா வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடந்தது. இறக்கித் துடைத்தேன். அம்மா தந்த அளவு: இட்லி அரிசி 1 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து கால் கிலோ, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அரிசி ஐந்து மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தை ஊறவைத்த பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மதுரை வெயிலில் கல் சூடேறினால் மாவும் சூடேறி, உளுந்து எழும்பாது. அரைக்கும்போதும் குளிர்ந்த நீரைக் கையால் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் உளுந்து வெண்ணெயாகத் திரண்டு கல்லில் சுற்றும். ஒரு கிண்ணத் தண்ணீரில் சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஓடட்டும். அதன்பின் அரிசியை மெல்லிய ரவைப் பதத்துக்கு அரைத்து, இரண்டையும் உப்புப் போட்டுக் கையால் கலக்க வேண்டும். கரண்டியால் கலக்கினால் ஏன் அந்த அளவுக்குப் பொங்குவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா சொன்னபடி கையையே விடுகிறேன். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். சித்திரை மாதத்தில் ஆறு மணி நேரத்தில் மேடைக்கு இறங்கி வந்துவிடும்.

முதல் முறை நான் தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டேன். இட்லி தட்டையாக, எவர்சில்வர் தட்டில் போட்டால் சத்தம் கேட்கும் பதத்தில் வந்தது. "சுவரில் ஆணி அடிக்க ஆகும்" என்றார் அம்மா. அந்த மாவை தோசையாக ஊற்றித் தீர்த்தோம். மூன்றாம் வாரம் சரியாக வந்தது.

செலவு: அரிசி 48, உளுந்து 35, வெந்தயம் 2. ஆக 85 ரூபாய்க்கு ஏறத்தாழ 2.8 கிலோ மாவு, கிலோ 30 ரூபாய். கடையில் 50. ரேஷன் புழுங்கல் அரிசி நல்லதாக வந்த மாதத்தில் அதைப் பாதிக்குப் பாதி சேர்ப்பேன். நான்கு தண்ணீர் கழுவினால் வாடை போய்விடும். அப்போது கிலோ 22 ரூபாய்தான். மாதம் 12 கிலோவுக்குப் பார்த்தால் மிச்சம் 240, மிஞ்சினால் 340. இதற்காகவா சனிக்கிழமை மாலை கிரைண்டரைக் கழுவுவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாவு இருக்கிற இரவில் 360 ரூபாய் வாசலுக்கு வருவதில்லை. மாவின் உண்மையான வருமானம் நோட்டில் அந்தக் கைபேசிச் சாப்பாட்டு வரியில்தான் வரவாகிறது.

அடுத்தது குழம்புப் பொடி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை கீழமாசி வீதியில் சாமான் வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிறேன். மல்லி 1 கிலோ, நீட்டு மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பு, சீரகம், விரலி மஞ்சள் மூன்றும் 100 கிராம் வீதம், மிளகு 50, வெந்தயம் 25, இரண்டு கை கறிவேப்பிலை. மொட்டை மாடியில் இரண்டு நாள் காய வேண்டும். மிளகாயைக் கிள்ளினால் சட்டென்று ஒடிய வேண்டும். மில்லில் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். கோதுமைக்குப் பின்னால் நின்றால் நம் பொடியில் அவர்கள் கோதுமை வரும். மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நிற்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் பரப்பி, முழுக்க ஆறவிட்டுப் பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டும். மில் கூலியும் சேர்த்து எனக்கு 100 கிராம் 22 ரூபாய் ஆனது. பாக்கெட்டில் அதே அளவு 40க்கு மேல்.

தக்காளித் தொக்கு விலை பார்த்துச் செய்கிற பொருள். தக்காளியின் குணம் எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிக் கண்ணைக் கட்டியது, வேறு மாதங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும். 20 ரூபாய்க்கு வருகிற நாளில் இரண்டு கிலோ வாங்கி நறுக்குங்கள். அடிகனமான சட்டியில் 150 மில்லி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். தக்காளியோடு எலுமிச்சை அளவு புளி, உப்பு, நான்கு தேக்கரண்டி குழம்புப் பொடி. நாற்பது நிமிடம் ஆகும். முதலில் தண்ணீராகக் கொதிக்கும், பிறகு குமிழ் விட்டுத் தெறிக்கும், கடைசியில் கிளறிய கரண்டிக்குப் பின்னால் சட்டியின் அடி தெரிந்து ஓரத்தில் எண்ணெய் கசியும். அதுதான் பதம். ஆறவைத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லை. ஈரக் கரண்டி மட்டும் ஆகாது. மகன் ஒருநாள் கழுவிய கையோடு கரண்டியைப் போட்டுவிட்டான், நான்காம் நாள் பூஞ்சை. ஒரு ஜாடி முழுக்கக் குப்பைக்குப் போனது. அன்று முதல் ஜாடியின் கழுத்தில் ஒரு மரக்கரண்டியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இந்த மூன்றும் இருந்தால் ஏழரை மணிக்கு என்ன செய்வது? தோசையும் தொக்கும் பதினைந்து நிமிடம். சோறு இருந்தால் தொக்குச் சோறும் அப்பளமும். தோசை அலுத்த நாளில் கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் சொல்லித்தந்த அரிசிம்பருப்புச் சோறு: ஒரு டம்ளர் அரிசி, மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி, ஒரு தேக்கரண்டி குழம்புப் பொடி, மூன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் தாளித்து, வதக்கி, மூன்று விசில். இறக்கியதும் ஒரு கரண்டி நெய். வெங்காயம் உரிப்பதோடு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நால்வருக்கு 50 ரூபாய்க்குள். ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்காமல் விடுகிறவர்களைப் பார்த்தால் கணக்குப்பிள்ளைக்கு வயிறு எரிகிறது.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999இல் திறந்தது எங்கள் ஊர் அண்ணா நகரில்தான். நான் போவது அருகிலுள்ள பழங்காநத்தம் சந்தைக்கு. பலகையில் அன்றைய விலை எழுதியிருப்பார்கள், பேரம் பேசும் தொல்லை இல்லை. விடிகாலையில் போனால் நல்ல காய், கடை கட்டும் நேரத்தில் போனால் மலிவான காய். கீரை வேண்டுமென்றால் காலையே போங்கள். மூன்று நாளுக்கு மேல் வாங்காதீர்கள். "மூன்று கிலோ நூறு" என்று குவித்து வைத்ததை வாங்கி, அதில் ஒரு கிலோவை அழுகவிட்டால் மலிவு எங்கே போயிற்று?

எல்லாவற்றையும் வீட்டில் செய்யக் கிளம்பாதீர்கள். பரோட்டாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். மைதாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, மூன்று மணி நேரம் போயிற்று. வந்தது தடித்த சப்பாத்தி. பரோட்டாவும் சால்னாவும் கடைக்காரரின் வித்தை. அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, மாதம் இரண்டு முறை நேரே கடைக்குப் போய் உட்கார்ந்தே சாப்பிடுகிறோம். பலகையில் 60 ரூபாய் போட்ட தோசை கைபேசியில் 75 ஆவதையும், அதன் மேல் பொட்டலக் கட்டணமும் கொண்டுவரும் கட்டணமும் ஏறுவதையும் ஒருமுறை பில்லை வரி வரியாகப் பார்த்தால் நீங்களும் நடந்தே போவீர்கள்.

இன்னொன்று. "வீட்டிலேயே சமைத்தால் மிச்சம்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கரண்டி பிடிக்காத ஆண்கள். இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவளின் தூக்கத்தை எடுத்து 3,000 ரூபாய் மிச்சம் பிடித்தால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மாவு, பொடி, தொக்கு மூன்றும் என் பொறுப்பு. பூண்டு உரிப்பது மகள், ஜாடி கழுவுவது மகன். மனைவி ஞாயிறு மதியக் குழம்பு வைக்கிறாள், அதுவும் என் குழம்பு அவளுக்குப் பிடிக்காததால்.

ஜூன் மாத நோட்டு: வெளிச்சாப்பாடு 1,900. மளிகையும் காயும் 1,300 ஏறியிருக்கின்றன. இதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் என் தொழிலுக்கே அழகில்லை. கழித்தால் கையில் நிற்பது 3,150. எரிவாயு சிலிண்டர் பத்து நாள் முன்னதாகத் தீர்ந்தது; அடுத்த மாதம் குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறும் பருப்பும் ஒன்றாக வேகவிட்டதில் அதில் நான்கைந்து நாள் திரும்பி வந்தது.

மாவு ஞாயிறு இட்லிக்கு, திங்கள், செவ்வாய் தோசைக்கு. புதன் புளிப்பேறிவிடும், ஊத்தப்பமாக ஊற்ற வேண்டியதுதான். வியாழன் அடியில் மிஞ்சுகிற இரண்டு கரண்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல் போட்டுத் தாளித்துக் குழிப்பணியாரம். வெள்ளிக்கிழமைக்கு அரிசிம்பருப்புச் சோறு. மறுநாள் நண்பகலில் அரிசியை ஊறவைத்துவிடுங்கள்; உளுந்தை மாலை நாலு மணிக்குப் போட்டால் போதும்.