வயல் எலி: மேட்டூர் திறக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

எலி வெட்டு கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் தளதளவென்று இருக்கும். உள்ளே இறங்கிப் போனால், நடுவயலில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பயிர் சாய்ந்து கிடக்கும். ஓரத்துப் பயிரைத் தொடாமல் எலி உள்ளே போய் வெட்டும். ஆள் நடமாட்டமும் நாயும் வரப்பை ஒட்டித்தானே இருக்கின்றன? அதனால்தான் வரப்போடு போய்வருகிறவருக்குப் பல நாள் விஷயமே தெரியாது.

வெட்டுப்பட்ட தூர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுவாய் இருக்கும். பக்கத்தில் துண்டு துண்டாகத் தண்டு மிதக்கும். வெண்கதிர் வந்து காய்ந்திருந்தால் அது வேறு சங்கதி: கதிரை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், அடியில் புழு தின்ற தடம் இருக்கும். அது தண்டுத் துளைப்பான். இரண்டையும் குழப்பிக்கொண்டு எலிக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் புழுவுக்கு எலிக் கிட்டி (பொறி) வைப்பதும் காசுக்குத்தான் கேடு.

நட்ட 30, 40 நாளுக்குள் வெட்டினால் பயிர் பக்கத்தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். தொண்டைக் கதிர் கட்டிய பிறகு, அதாவது கதிர் தண்டுக்குள் திரண்ட பிறகு, வெட்டினால் வெட்டியது வெட்டியதுதான். அந்தத் தூரிலிருந்து இன்னொரு கதிர் உரிய காலத்தில் வராது. எலி குட்டி போடுவது மும்முரமாகிற நேரமும் அதுவே. கதிர் திரளும்போது தீனி பெருகுகிறது. கருக்காலம் சுமார் மூன்று வாரம், ஈற்றுக்கு ஆறு ஏழு குட்டி சாதாரணம். அந்த நேரத்தில் சுற்றிலும் பால் பிடித்த நெல் இருக்க, நீங்கள் வைக்கிற மருந்து கலந்த பொரியை எலி ஏன் தேடி வரவேண்டும்? வைத்த மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பாதிக்கு மேல் இந்தப் பருவப் பிசகுதான்.

ஆகவே காவிரிப் பாசனப் பகுதியில் இதற்கு இரண்டு காலம்தான் உண்டு. ஒன்று, பயறு உளுந்து எடுத்து வயல் தரிசாகக் கிடக்கும் ஏப்ரல் கடைசியிலிருந்து, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை. அப்போது வயலில் தீனி இல்லை. எலி எண்ணிக்கையும் குறைவு. இருப்பவையும் வாய்க்கால் கரை, மேட்டு வரப்பு, களத்து மேடு, கருவேலம் புதர் என்று சில இடங்களில் ஒடுங்கிக் கிடக்கும். அப்போது பிடிக்கிற ஒரு தாய் எலி, கதிர்க் காலத்தில் பிடிக்கிற பல எலிக்குச் சமம். இரண்டாவது, நடவு முடிந்து தூர் கட்டுகிற முதல் 40 நாள். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் சேதத்தைக் கொஞ்சம் தணிப்பதே.

இதை ஒருவர் தனியாகச் செய்து பயனில்லை. உங்கள் வயலைச் சுத்தமாக்கினால், பக்கத்து வயல் எலி சில வாரத்தில் காலி வளைக்குக் குடிவந்துவிடும். ஒரே மடையில் தண்ணீர் பாய்கிறவர்களாவது ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். நடவையும் முடிந்தவரை ஒட்டி ஒட்டி முடிப்பது நல்லது. முன்னே பின்னே நட்டால், ஒரு வயலில் கதிர் முடிந்ததும் எலி அடுத்த வயலுக்கு நகரும். தீனிக்காலம் நீள நீள ஈற்றும் கூடும்.

எந்த எலி என்று பார்த்துக்கொள்வது

நெல்லில் பெரிய சேதம் செய்வது கரம்பை எலி. தடித்த உடம்பு, மொண்ணை மூஞ்சி, கருத்த முரட்டு மயிர். வளை வாயில் புது மண்ணைக் குவித்து அடைத்து வைத்திருக்கும். உள்ளே கிளை கிளையாகப் பாதை, குஞ்சு வைக்க ஓர் அறை, கதிரைச் சேர்த்து வைக்கச் சில அறைகள். குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர, ஒரு வளையில் ஒன்றுதான் குடியிருக்கும். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொன்னவர்கள் இந்த எலியைப் பார்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வளைக்கு ஒரு எலி என்று கணக்கு வைத்துக்கொள்ள இது வசதி.

புல் எலி சிறியது, மயிர் மெத்தென்று இருக்கும். ஆழமாகத் தோண்டாது, வெடித்த நிலத்தின் பிளவிலும் கல் குவியலிலும் ஒண்டும். வயல் சுண்டெலியின் வளை விரல் நுழைகிற அளவுதான். வெள்ளெலி மேட்டு நிலத்தில் கடலை, சோளக் கொல்லைகளில் இருப்பது, தண்ணீர் நிற்கிற வயலில் அவ்வளவாக இருக்காது.

வரப்பு

கரம்பை எலி குடியிருக்க அகலமான, உயரமான, புல் மண்டிய வரப்பு வேண்டும். வரப்பை அகலத்திலும் உயரத்திலும் 30 செ.மீ.க்கு உள்ளே வைத்தால் உள்ளே அறை அமைக்க இடம் போதாது. ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி அண்டை வெட்டிச் சேறு பூசுகிற பழைய பழக்கம் களைக்காக மட்டும் வந்ததில்லை. மண்வெட்டி இறங்கும்போது பழைய வளை எல்லாம் திறந்துகொள்ளும், பூசிய வரப்பில் புது ஓட்டை உடனே தெரியும். ஆள் கூலிக்குப் பயந்து இதை விட்ட ஊர்களில் எலி கூடியிருப்பதை நடந்து பார்த்தாலே உணரலாம். பொதுப் பாதையாக இருக்கிற மேட்டு வரப்பையும் வாய்க்கால் கரையையும் குறைக்க முடியாது. அவற்றில் கோரையும் காட்டாமணக்கும் மண்டாமல் வெட்டி வைத்து, கண்காணிப்பை அங்கே கூட்டவேண்டும். வைக்கோல் போரை வயல் ஓரத்தில் மாதக் கணக்கில் போட்டு வைக்கக் கூடாது.

உயிர் வளை எது?

மருந்தோ புகையோ கிட்டியோ, எதற்கும் முன் இதைச் செய்தாக வேண்டும். சாயங்காலம் வரப்பு நெடுக நடந்து, கண்ணில் படுகிற எல்லா வளை வாயையும் ஈர மண்ணால் அடைத்து மிதித்துவிடுங்கள். மறுநாள் காலை அதே வழியில் நடந்தால், எலி இருக்கிற வளை மட்டும் மறுபடி திறந்தோ, புது மண் தள்ளியோ இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நுனியில் துணிக் கிழிசல் கட்டிவிடுங்கள். முந்தின நாள் அறுபது வாய் அடைத்திருந்தால் திறந்தது பதினைந்தாக இருக்கலாம். வேலை அந்தப் பதினைந்தில்தான். எல்லா ஓட்டையிலும் மருந்தைப் போடுகிறவர் முக்கால் பங்கை மண்ணுக்குப் போடுகிறார்.

வெட்டிப் பிடிப்பதானால் வாயிலிருந்து மட்டும் வெட்டிக்கொண்டு போகாதீர்கள். கரம்பை எலி தப்பு வழி ஒன்றை மேலே மெல்லிய மண் மூடி வைத்திருக்கும். இருவர் வெட்டினால் ஒருவர் மூன்று நான்கு அடி தள்ளி நின்று மண் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய வரப்பை அன்றைக்கே மிதித்துக் கட்டாவிட்டால், தண்ணீர் கட்டும் நாளில் அந்த இடம்தான் உடையும்.

கிட்டி

தஞ்சாவூர்க் கிட்டி என்பது மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, இரை தொட்டதும் நாண் கழுத்தில் இறங்குமாறு செய்த பொறி. மருந்தில்லை, நாய்க்கும் மயிலுக்கும் விஷமில்லை, செத்த எலி எத்தனை என்று காலையில் எண்ணிவிடலாம். ஏக்கருக்கு 30, 40 கிட்டி வைக்கலாம். பொழுது சாயும்போது வைத்து, விடியற்கருக்கலில் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறவிட்டால் காக்கை எலியோடு கிட்டியையும் இழுத்துப் போகும்.

வைக்கிற இடம்தான் எல்லாம். எலி ஒரே தடத்தில் போய்வரும். வரப்போரத்தில் புல் மிதிபட்டு, சேற்றில் சிறு காலடி பதிந்து, மெல்லிய வழி தெரியும். கிட்டி அதன் குறுக்கே, வளை வாயிலிருந்து ஓரிரு அடியில் இருக்கவேண்டும். தண்ணீர் நிற்கிற வயலில் சேற்றைக் குவித்து மேடாக்கி அதன்மேல் வைப்பார்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி ஓரிரு நாள் ஒதுங்கும். அதனால் முதல் இரவு ஒன்றும் விழவில்லை என்று இடத்தை மாற்றாதீர்கள். மூன்று இரவு அதே இடத்தில் வைத்தும் விழாவிட்டால் மாற்றலாம். கூலி ஆள் வைத்துப் பிடித்தால் எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதே இரு தரப்புக்கும் நியாயம்.

புகை

மண் சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகை விடுவது இருளர்களின் பழைய முறை. ஊதுகிறவருக்கு உதடும் நெஞ்சும் வெந்துபோகும். கையால் சுற்றுகிற விசிறி வைத்த இரும்புப் புகைபோடி வந்த பிறகு அந்தக் கொடுமை தேவையில்லை. காய்ந்த வைக்கோலோடு கொஞ்சம் ஈர வைக்கோலும் கலந்தால் புகை அடர்த்தியாகும். குழாயை வளை வாயில் வைத்துச் சுற்றியும் மண் அப்புங்கள். வேறு எங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் உடனே அடையுங்கள். கசிவு நின்ற பிறகும் நாலைந்து நிமிஷம் விடாமல் சுற்றவேண்டும்.

வெடித்த களிமண்ணில் இது பலிக்காது, புகை ஆயிரம் பிளவு வழியே போய்விடும். மழை பெய்த மறுநாளோ, வரப்பை நனைத்த பிறகோ செய்தால் மண் புகையைப் பிடித்து வைக்கும். காய்ந்த புல்லும் வைக்கோலும் கிடக்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் இல்லாமல் தொடங்கக் கூடாது.

மருந்து

மேற்கண்டவற்றுக்குப் பிறகும் உயிர் வளை மிஞ்சினால்தான் மருந்து. புரோமாடியோலோன் 0.005 சதவீதக் கட்டி ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதை வாங்குவதே மேல். வீட்டில் தூள் வாங்கிக் கலப்பதில் ஆபத்து அதிகம். வளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் பொதிந்து, குச்சியால் உள்ளே ஒரு முழம் தள்ளிவிடுங்கள். வரப்பு மேல் வெளியே வைத்தால் மயிலும் புறாவும் ஆடும் தின்னும், மழையிலும் கரையும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. தின்ற எலி சாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். உடனே சாகாததால் தின்றதற்கும் நோவுக்கும் முடிச்சுப் போட மற்ற எலிக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வளை அடைத்துப் பார்த்து, திறந்தவற்றுக்கு மட்டும் இரண்டாம் முறை.

துத்தநாக பாஸ்பைடு இதற்கு நேர் எதிர். சில மணி நேரத்தில் கொல்லும். குறைவாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மாதக் கணக்கில் தொடாது. "போன வருஷம் நன்றாகக் கேட்டது, இந்த வருஷம் கேட்கவில்லை" என்பதற்குக் காரணம் பலமுறை இதுதான். மனிதர் உடம்பில் போனால் மாற்று மருந்தும் கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு வில்லையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளருக்கு மட்டும் உரியது அது. எந்த மருந்தையும் வீட்டு அடுக்களையிலோ, சோற்றுப் பாத்திரத்திலோ வைக்கக் கூடாது. பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். செத்த எலியைத் தேடி எடுத்து இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கிடந்தால் ஆந்தையும் நாயும் தின்று அவற்றுக்கும் விஷமேறும்.

கூகையும் சாரையும்

நட்ட பத்து நாளுக்குள் வயலில் பறவை தாங்கி நடுங்கள். மூங்கிலில் ஆங்கில டி எழுத்து போலக் குறுக்குக் கட்டை கட்டியது, அல்லது தலைகீழாக நட்ட தென்னை மட்டை. பயிருக்கு மேல் ஆள் உயரம் இருந்தால் எலி பிடிக்கும் கூகை ஆந்தை உட்காரும். நடுவயலில் நடுவது முக்கியம், வெட்டு அங்கேதானே விழுகிறது. நெல் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குருவிக் கூட்டத்துக்கு அது இருக்கையாகும். கூகை அபசகுனம் என்று கல்லெறிவதையும், சாரையைக் கண்டதும் அடிப்பதையும் நிறுத்த வேண்டும். சாரைக்கு விஷமில்லை. வளைக்குள்ளேயே நுழைந்து குட்டியோடு தின்னுகிற ஜீவன் அது. அதைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவது மனசுக்கு ஒப்பாத காரியம்.

பாலிதீன் பையைக் குச்சியில் கட்டிப் படபடக்க விடுவது சில நாளைக்குக் கேட்கும். பிறகு எலி அதன் அடியிலேயே வெட்டும். கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டினால் அந்தச் சில நாள் போதும்.

மின்கம்பி

வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டி நேரடி மின்சாரம் விடுவது வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிற்கிற வயலில் அது எலியைப் பார்த்துக் கொல்வதில்லை. விடிகாலையில் மடை திறக்க வருகிறவர், புல் அறுக்க வருகிற பெண், வழி தவறிய மாடு எல்லாம் செத்திருக்கிறார்கள். கம்பி கட்டியவரே மறந்துபோய்க் கால் வைத்ததும் உண்டு. வழக்கும் சிறையும் தனி.

உடம்பு

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கட்டுப்போட்டு, முடிந்தால் ரப்பர் பூட்ஸோடு இறங்குங்கள். எலியை வெறுங்கையால் தொடாமல் உறை போட்டு எடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயல் வேலைக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் "சேற்றில் வேலை செய்தேன், எலி பிடித்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்.