கடைசி ரெண்டு நாள் டெஸ்டிங்னு வச்சிருக்கிற சாஃப்ட்வேர் டீமுக்கு

ரெண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுத்து வேலை), அதுல எட்டு நாள் கோடிங்னு பிளான், ஆனா கடைசி வியாழக்கிழமை சாயங்காலம்தான் பில்ட் (ஓட்டிப் பாக்குற மாதிரி தயாரான சாஃப்ட்வேர்) டெஸ்டர் கைக்கு வரும், வெள்ளிக்கிழமை டெமோ. பேருதான் அஜைல் (கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு அப்பப்ப சோதிக்கிறது), உள்ள ஓடுறது அதே பழைய வாட்டர்ஃபால்தான் (எல்லாம் எழுதி முடிச்சு கடைசில சோதிக்கிறது). இத மாத்தணும்னா டூல் வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்டர எப்ப கூப்பிடுறீங்கன்னு பாருங்க.

ஸ்டோரி (யூசருக்கு வேணும்ங்கிற ஒரு வசதி) பேசுறப்பவே அவர் இருக்கணும். ப்ராடக்ட் ஓனர் (என்ன செய்யணும்னு முடிவு பண்றவர்), டெவலப்பர், டெஸ்டர் மூணு பேரும் அரை மணி நேரம் உக்காந்தா போதும். "கூப்பன் போட்டா 10% தள்ளுபடி"ன்னு ஒரு ஸ்டோரி வருதுன்னு வைங்க, படிக்க சிம்பிளா இருக்கும், ஆனா தள்ளுபடி ஜிஎஸ்டிக்கு முன்னாடியா பின்னாடியா, 99.90 வந்தா ரவுண்ட் பண்ணணுமா, ரெண்டு பொருள் வாங்கி ஒண்ண திருப்பிக் குடுத்தா எவ்ளோ ரீஃபண்ட்? நான் முன்னாடி இருந்த டீம்ல இந்தக் கடைசிக் கேள்விய யாருமே கேக்கல, முழு விலையும் ரீஃபண்டா போய்ட்டு இருந்துச்சு, அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஆள் வந்து சொன்னப்புறம்தான் எங்களுக்கே தெரியும். அதனால பதில நம்பராவே எழுதி வைங்க: 1000 ரூபா பில்லு, கட்டினது 900, அதுல 600 ரூபா பொருள் திரும்பி வந்தா ரீஃபண்ட் 540. இதுவேதான் அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியா (வேலை முடிஞ்சுதுன்னு ஒத்துக்கிறதுக்கான அளவு), நாளைக்கு இதுவேதான் டெஸ்ட் கேஸும்.

கோட் எழுதும்போது அந்த 540க்கு மொதல்ல யூனிட் டெஸ்ட் (கோட்ல ஒரு சின்னப் பகுதிய மட்டும் சோதிக்கிற டெஸ்ட்) எழுதிடுங்க. காசு கணக்க ஃப்ளோட்ல (தசம எண்ண தோராயமா வைக்கிற முறை) வைக்காதீங்க, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004னு வரும், பைசாவா மாத்தி முழு எண்ணா வைங்க. புல் ரிக்வெஸ்ட் (எழுதின கோட சேக்குறதுக்கு முன்னாடி மத்தவங்க பாக்க அனுப்புறது) சின்னதா இருக்கட்டும், 1500 வரி அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க, அப்ரூவ் மட்டும் வரும் (நானும் அப்படி குடுத்திருக்கேன்). மெர்ஜுக்கு (கோட மெயின் கோடோட சேக்குறது) முன்னாடி டெஸ்டர பக்கத்துல உக்கார வச்சு பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க, பாதி பக் அங்கயே மாட்டும்.

சிஐ (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓட்டுற சிஸ்டம்) செவப்பானா, அதாவது டெஸ்ட் ஃபெயில் ஆனா, மத்த வேலைய நிறுத்திட்டு அதப் பாருங்க. "இன்னொரு தடவ ரன் பண்ணா பாஸ் ஆயிடும்"னு ஒருத்தர் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் அந்த டெஸ்ட எவனும் நம்ப மாட்டான், ஒண்ணு சரி பண்ணுங்க, இல்ல தூக்கிடுங்க.

ரிலீஸ்ல ஏமாறாதீங்க. அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு ஷேர் ட்ரேடிங் கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1, எட்டு சர்வர்ல ஒண்ணுல மட்டும் புது கோட் போடாம விட்டுட்டாங்க, போதாததுக்கு ஒரு பழைய ஃப்ளாக (கோட ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) வேற புது வேலைக்கு எடுத்திருந்தாங்க, அந்த ஒரு சர்வர்ல செத்துக் கெடந்த கோட் முழிச்சுக்கிச்சு. 45 நிமிஷத்துல 40 கோடி டாலருக்கு மேல காலி. கையால காப்பி பண்ணி டெப்ளாய் பண்றத (சர்வர்ல கோட் ஏத்துறத) விடுங்க, முடிஞ்ச ஃப்ளாகயும் அதோட கோடயும் அழிங்க, மொதல்ல 5% யூசருக்கு மட்டும் திறங்க, ரோல்பேக்க (பழைய வெர்ஷனுக்குத் திரும்புறது) ஒரு தடவையாவது ஒத்திகை பாத்துக்கோங்க.

ரெட்ரோல (ஸ்பிரிண்ட் முடிஞ்சதும் நடக்குற அலசல் கூட்டம்) "டெஸ்டர் ஏன் விட்டாரு"ன்னு கேட்டா பேச்சு அதோட முடிஞ்சுது. ப்ரொடக்ஷன்ல (யூசர் கையில ஓடுற சாஃப்ட்வேர்ல) வந்த ஒரு பக்-ஐ எடுத்து, இது எந்த இடத்துலயே மாட்டியிருக்கணும்னு கேளுங்க, வர்ற பதில அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்ல (செய்ய வேண்டிய வேலை லிஸ்ட்) ஒரு ஆள் பேரோட போடுங்க.