மழையிலும் காற்றிலும் ரைஃபிள் பயிற்சி: வேட்டைக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேட்டை நாளின் வானிலை நம் கையில் இல்லை. ஆனால் பயிற்சிக்கு மட்டும் எல்லாரும் வெயில் அடிக்கிற, இலை அசையாத காலையாகப் பார்த்துப் போகிறார்கள். மேசை மேல் மணல்மூட்டை, அதன் மேல் ரைஃபிள், ஐந்து குண்டும் நெருக்கமாக விழுந்ததும் தயாராகிவிட்டோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். துப்பாக்கி சரியாக இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். கனத்த உடையில், விரல் விறைத்துப்போய், ஸ்கோப்பில் (ரைஃபிள் மேல் மாட்டும், குறிபார்க்கும் தொலைநோக்கி) நீர்த்துளியோடு நீங்கள் எவ்வளவு தூரம் வரை நம்பிச் சுடலாம் என்பது மோசமான வானிலையில் பழகினால்தான் தெரியும். அது தெரியாமல் காட்டுக்குப் போனால் காயத்தோடு ஓடி எங்கேயோ விழுந்து சாகப்போவது அந்த விலங்குதான்.

அப்படிப் பழக வருபவர்கள் முதலில் செய்கிற தவறு ஸ்கோப்பின் ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்து வைத்த அமைப்பை, திருகுவது. காற்று குண்டை வலப்பக்கம் தள்ளுகிறது, உடனே ஸ்கோப்பை இடப்பக்கம் நாலு கிளிக் (திருகின் ஒவ்வொரு சின்னப் படி) திருப்புகிறார்கள், மறுநாள் காற்று நின்றதும் எல்லாக் குண்டும் இடப்பக்கம் போகிறது. ஜீரோவை அமைதியான நாளில் வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். கெட்ட வானிலையில் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். (பேனா மை மழையில் கரைந்துவிடும், பென்சில் கொண்டுபோங்கள்.) ஒரே ஒரு விதிவிலக்கு: வேட்டைப் பருவம் முழுக்கக் கடுங்குளிர் என்றால் அந்தக் குளிரிலேயே ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். குளிரில் பல வகை வெடிமருந்து வேகம் குறைந்து எரியும், காற்றும் அடர்த்தியாகிவிடும், தூரம் கூடக் கூட குண்டு கொஞ்சம் கீழே விழும்.

அடுத்தது காற்றைக் குறைத்து எடைபோடுவது. மழைத்துளி பட்டுக் குண்டு விலகுமோ என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், வேட்டைத் தூரத்தில் அது பொருட்டே இல்லை. காற்று அப்படியல்ல. 308 வின்செஸ்டர் என்கிற தோட்டா வகையில் 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு, மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: 100 மீட்டரில் சுமார் 2 சென்டிமீட்டர்தான் விலகும், 200 மீட்டரில் 9, 300 மீட்டரில் 20 வரை போய்விடும். தூரம் மூன்று மடங்கானால் விலகல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகல வட்டம், அதாவது நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தாண்டினாலே வெளியே. 100 மீட்டரில் மட்டும் பழகிவிட்டு 300 மீட்டரில் சுடுபவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. காற்றின் திசையையும் பாருங்கள், நேர்ப் பக்கத்திலிருந்து வந்தால் முழு விலகல், சுடும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வாக வந்தால் பாதி.

குண்டைத் தள்ளுவதை விட, காற்று உங்களைத் தள்ளுவதுதான் அதிகம் கெடுக்கிறது. நின்றுகொண்டு சுடும்போது குறி ஊசலாடும், குறுக்குக்கோடு இலக்கைக் கடக்கிற அந்தக் கணத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பார்கள், அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உட்காருங்கள், மண்டியிடுங்கள், படுத்துக்கொள்ளுங்கள், மரத்தில் சாயுங்கள், முதுகுப்பையை அடியில் வையுங்கள், ஸ்லிங்கை (ரைஃபிளின் தோள்வார்) கையில் சுற்றி இறுக்குங்கள். காற்று தணிகிற இடைவெளிக்குக் காத்திருந்து மெதுவாக அழுத்துங்கள். கெட்ட வானிலையில் மேசையில் சுடுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை.

உடை விஷயத்தில் நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும். ரேஞ்சில் டி-ஷர்ட்டோடு பழகிவிட்டு வேட்டைக்கு மூன்று அடுக்கு ஜாக்கெட்டில் போகிறார்கள். துணியின் கனம் ரைஃபிளை முன்னால் தள்ளிவிடுவதால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் மாறி, பார்வையில் கறுப்பு வளையம் வரும், அதைச் சரிசெய்யக் கழுத்தை நீட்டுவார்கள், உதைப்பில் ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். தடித்த கையுறை இன்னும் ஆபத்து. ட்ரிகரைத் தொட்டதே தெரியாமல் வெடித்துவிடும். சுடும் விரலுக்கு மெல்லிய கையுறையோ, விரல் பகுதி திறக்கிறதோ வேண்டும். மழைக்கு மாட்டும் தலைமூடி காதுக்கவசத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு இடைவெளி விட்டால் காதுக்குப் பாதுகாப்பு போய்விடும், அதையும் பாருங்கள். உடல் நடுங்க ஆரம்பித்துவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

குழலுக்குள் தண்ணீர், சேறு, பனி போவதை அலட்சியப்படுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குழல் வாய் ஒரு தடவை தரையில் குத்தினால் போதும், அடைப்போடு சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். சந்தேகம் வந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டையும் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உலோகப் பகுதி) கழற்றி, பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். குழல் வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் மழை உள்ளே போகாது. குண்டுக்கு முன்னால் வரும் காற்றே டேப்பைப் பிய்த்துவிடும், குறியும் மாறாது. தோட்டாவைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், நனைந்த சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வெடிக்கும்போது போல்ட் மேல் விழும் விசை கூடும். ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள், பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். சத்தம் வழக்கத்தை விட மந்தமாகக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது, முந்தினது குழலுக்குள் சிக்கியிருக்கலாம்.

மூடுபனியில் பயிற்சி வேண்டாம். தூரம் காட்டும் லேசர் கருவி பனியிலேயே பட்டுத் திரும்பித் தப்பான எண்ணைக் காட்டும், அதைவிட முக்கியமாக இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. இடி கேட்டாலும் அப்படித்தான், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகட்டும்.

குளிரில் எண்ணெயை அதிகமாகப் போடுவார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. அது கெட்டியாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் மெதுவாகப் போய்த் தோட்டா வெடிக்காமல் நிற்கும். போல்ட்டின் உள்பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, குளிருக்கு ஏற்ற எண்ணெய் மிக மெல்லிசாக இருந்தால் போதும். மரக்கட்டை உள்ள ரைஃபிள் என்றால் ஈரத்தில் கட்டை உப்பிக் குழலை அழுத்தும், குண்டு விழும் இடம் மாறும். கட்டையைத் தொடாமல் தனித்து நிற்கும் குழலாக இருந்தால் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதம் தாராளமாகப் போய் வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்கோப் மேல் மூச்சு விட்டால் மங்கிவிடும், உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தாலும் வெளிக்கண்ணாடியை அது காப்பாற்றாது.

இவ்வளவு சிரமப்பட்டு ரேஞ்சுக்குப் போய் ஒரே மூச்சில் நாற்பது தோட்டாவைச் சுட்டுத் தீர்ப்பதிலும் அர்த்தமில்லை. வேட்டையில் கணக்கில் வருவது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. 20 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை மாட்டி, 50 மீட்டரில் ஒரு குண்டு, பிறகு எழுந்து நடந்து குழல் ஆறியதும் 100 மீட்டரில் ஒன்று என்று போங்கள். இதைப் பல நாள் செய்யும்போது, எந்தத் தூரம் வரை அந்த முதல் குண்டு தவறாமல் வட்டத்துக்குள் விழுகிறதோ அதுதான் அந்த வானிலைக்கு உங்கள் எல்லை. நல்ல நாளில் 250 மீட்டர் சுடுகிறவருக்கு பலத்த காற்றில் அது 100 ஆகக்கூட இருக்கலாம், அதற்கு மேல் நிற்கும் விலங்கை விட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த ரைஃபிளை உறையோடு மூலையில் வைக்காதீர்கள், ஒரே இரவில் துரு பிடிக்கலாம். போல்ட்டைக் கழற்றி, குழலைப் பின்பக்கமிருந்து துடைத்து, காற்றாடக் காயவிட்டு அப்புறம் எண்ணெய் தடவுங்கள். கடுங்குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உலோகம் முழுக்க வியர்த்துவிடும். மறுநாளும் வெளியே போவதாக இருந்தால் தோட்டா இல்லாமல் பூட்டிய குளிர்ந்த இடத்திலேயே வைப்பது நல்லது, இல்லையென்றால் உள்ளே தேங்கிய ஈரம் வெளியே போனதும் உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். குழலுக்குள் தடவிய எண்ணெயை அடுத்த தடவை சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள், எண்ணெய் ஈரத்தோடு போகும் முதல் குண்டு பல ரைஃபிள்களில் மற்றவற்றோடு சேர்ந்து விழாது.